கனமான மடக்குக் கத்தி வாங்கலாமா? முதல்முறை வாங்குவோருக்கு

முதல்முறையாக மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் பலர், கனமான ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே பாதி முடிவெடுத்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் அது உட்காரும் விதம், திறந்ததும் ‘டக்’ என்று பூட்டு விழும் சத்தம், உலோகத்தின் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து நல்ல உறுதியான பொருள் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடும். அந்த உணர்வு பொய்யில்லை. ஆனால் கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பது வேறு, காலை முதல் இரவு வரை பாக்கெட்டில் சுமப்பது வேறு. கனமான கத்தியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, எனக்கும் அவை பிடிக்கும். அந்தக் கனம் உங்களுக்கு என்ன வேலை செய்து கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைக் கீழே வரிசையாக எழுதுகிறேன், முடிந்தவரை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில், கனம் என்றால் எவ்வளவு

பேச்சில் எல்லாருமே ‘கனம்’ என்று சொல்லிவிடுகிறோம், எண்ணாகப் பார்த்தால்தான் புரியும். மரப்பிடி போட்ட ஓப்பினல் 8ஆம் எண் கத்தி சுமார் 45 கிராம். ஸ்பைடர்கோ டெலிகா 70 கிராமை ஒட்டி வரும். அதே நிறுவனத்தின் பாரா மிலிட்டரி 2 கிட்டத்தட்ட 110 கிராம், அலகு, அதாவது வெட்டும் தகடு, இன்னும் கொஞ்சம் நீளம். பித்தளையும் மரமும் சேர்த்துச் செய்த பக் 110 கத்தியோ 200 கிராமைத் தொடும். கத்தரிக்கோல், ரம்பம், திருப்புளி என்று எல்லாம் அடங்கிய விக்டோரினாக்ஸ் சுவிஸ் சாம்ப் சுமார் 185 கிராம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: 60 கிராம் வரை இருந்தால் பாக்கெட்டில் இருப்பதே மறந்துபோகும், 60 முதல் 120 வரை அன்றாடத்துக்குச் சரி, 120ஐத் தாண்டினால் இருப்பது தெரியும், 150ஐத் தாண்டினால் அதைக் கனமான கத்தி என்றே சொல்ல வேண்டும். இது சட்டமெல்லாம் இல்லை, உங்கள் உடம்புக்கும் உடைக்கும் ஏற்றபடி கோடு முன்பின் நகரும். இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் 170 முதல் 230 கிராம் வரை இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். கனமான மடக்குக் கத்தி வாங்கினால் இன்னொரு கைப்பேசியின் எடையைக் கூடவே சுமக்கப் போகிறீர்கள், அதுவும் அகலமாகப் பரவாமல் ஒரே இடத்தில் குவிந்த எடையாக.

இரண்டாவது, என்ன வெட்டப் போகிறீர்கள்

ஒரு வாரம் பொறுங்கள். கத்தி இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் என்ன வெட்ட வேண்டியிருந்தது என்று கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வெட்டலாம் என்று கற்பனை செய்தவற்றை எழுதாதீர்கள், உண்மையிலேயே எதிரில் வந்ததை மட்டும் எழுதுங்கள். பொதுவாக அந்தப் பட்டியலில் பெட்டியின் டேப், அட்டை, பிளாஸ்டிக் உறை, கயிறு, நூல், ஒரு பழம், கேபிள் கட்டும் பட்டை, இவைதான் இருக்கும். இதில் எதற்கும் 200 கிராம் தேவையில்லை, 7 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய அலகு எல்லாவற்றையும் முடித்துவிடும்.

சரி, அப்படியென்றால் கனமானது யாருக்கு? கையுறை போட்டபடி வேலை செய்பவர்களுக்கு, தடித்த கயிறு, ரப்பர் குழாய், தரைவிரிப்பு மாதிரியானவற்றை நாளெல்லாம் அறுப்பவர்களுக்கு, வேட்டையாடியதைத் தோலுரிப்பவர்களுக்கு, கை பெரிதாக இருந்து சிறு பிடிக்குள் விரல்கள் அடங்காதவர்களுக்கு. இவர்கள் எல்லாருக்கும் உண்மையில் உதவுவது பிடியின் நீளமும் பருமனும். நான்கு விரலும் நிறைவாக உட்கார்ந்து, அழுத்தும் விசை உள்ளங்கை முழுக்கப் பரவலாகிவிட்டால் நெடுநேரம் வெட்ட முடியும். எடை பெரும்பாலும் அந்தப் பருமனோடு கூடவே வருவது. கோடரி போல ஓங்கிப் போடும் கருவிக்குத்தான் எடையே வேலை செய்யும், மடக்குக் கத்தியை யாரும் ஓங்கிப் போடக் கூடாது.

விறகு பிளக்க, எதையாவது நெம்பித் திறக்க, கட்டையால் கத்தியின் முதுகில் தட்டிப் பிளக்க என்று நினைத்து ‘கனமாக இருந்தால் தாங்கும்’ என்று மடக்குக் கத்தி தேடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு கனமான மடக்குக் கத்தியானாலும் நடுவில் ஓர் அச்சாணியும் ஒரு பூட்டும் இருக்கும், விசை முழுக்கப் போய்ச் சேர்வது அங்கேதான். அந்த வேலைக்கு மடங்காத கத்தி வாங்குங்கள். மோரா கம்பானியன் போன்ற ஒன்று, 10 சென்டிமீட்டர் அலகோடு, உறை நீங்கலாக 100 கிராமுக்குள் அடங்கிவிடும், எந்தக் கனமான மடக்குக் கத்தியையும்விட அந்த அடியை நன்றாகத் தாங்கும்.

மூன்றாவது, அந்த எடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதுதான் பலர் பார்க்காமல் விடும் இடம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம், எஃகு 7.8, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. கண்ணாடியிழை அடுக்குகளால் செய்த ஜி-10 பிடிப் பட்டை 2 கிராமுக்கும் குறைவு, நைலான் அதைவிடக் குறைவு. ஆக இரண்டு கத்திகள் பார்க்க ஒரே அளவில் இருந்தாலும், ஒன்றின் பிடிக்குள் முழு எஃகுத் தகடுகளும் மற்றதில் நைலானும் இருந்தால் எடை இரட்டிப்பாகும். வெட்டும் திறனில் அதனால் ஒரு மாற்றமும் வராது.

இதற்கு பக் 110ஐவிட நல்ல சான்று கிடைக்காது. 1964இல் வந்த மாதிரி அது, பித்தளை முகப்பும் மரப்பட்டையும் 95 மில்லிமீட்டர் அலகும் கொண்டது. பின்னாளில் அதே நிறுவனம் நைலான் பிடியோடு 110 எல்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அலகின் நீளமும் வடிவமும் அதேதான், எஃகும் அதே 420எச்சி, எடை மட்டும் ஏறத்தாழ பாதி. குறைந்ததெல்லாம் பித்தளையும் மரமும்தான். பழைய 110ஐ நான் தாழ்த்திப் பேசவில்லை, அதன் அழகுக்காகவும் கையில் நிறையும் விதத்துக்காகவும் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார், அது நியாயமான காரணம். கனம் கூடினால் நன்றாக வெட்டும் என்று நம்பி வாங்குபவர்தான் ஏமாந்துபோவார்.

பூட்டின் உறுதியும் எடையைப் பொறுத்ததில்லை. கோல்டு ஸ்டீல் நிறுவனத்தின் ட்ரை-ஆட் பூட்டில் அலகின் விசையைத் தாங்க நடுவில் தனியாக ஒரு நிறுத்தக் கம்பி இருக்கிறது, அந்த ஏற்பாடு நைலான் பிடி போட்ட லேசான கத்திகளிலும் அப்படியே வேலை செய்கிறது. மறுபக்கம், எஃகுப் பிடி போட்டு 200 கிராம் எடையில் வரும் மலிவான கத்தி ஒன்றில் பூட்டுத் தகடு அலகின் அடியை ஒட்டியும் ஒட்டாமலும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எடை உங்கள் விரலைக் காப்பாற்றாது.

அடுத்தது அலகின் தடிமன். கனமான கத்திகள் பலவற்றில் முதுகு 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெட்டுவதைத் தீர்மானிப்பது முதுகு மட்டும் இல்லை, கூருக்கு நேர் பின்னால் அலகு எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதுதான் முக்கியம். அங்கே அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் அட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அதுவே ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் எவ்வளவு கூராகத் தீட்டினாலும் பாதியில் சிக்கும், காரட்டை வெட்டினால் நறுக்காமல் பிளக்கும். பக் 110 இவ்வளவு கனமாக இருந்தும் நன்றாக வெட்டுவதற்குக் காரணம் அதன் அலகின் பக்கங்கள் உட்குழிவாகச் செதுக்கப்பட்டு வாய்ப்பகுதி மெலிந்து வருவதுதான். எனவே கத்தியை மேலிருந்து பார்த்து முதுகை மட்டும் மெச்சாமல், முனையிலிருந்து கண்ணோடு நேராகப் பிடித்து அது எப்படி மெலிகிறது என்று பாருங்கள்.

நான்காவது, சுமந்து பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை. நீங்கள் வாங்க நினைக்கும் கத்தியின் எடைக்குச் சமமாக நாணயமோ நட்டு போல்ட்டோ ஒரு சிறு துணிப்பையில் கட்டி, எடை பார்த்து, வழக்கமாக அணியும் உடையின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடமாடுங்கள். படியேறுங்கள், வண்டி ஓட்டுங்கள், தாழ்வான நாற்காலியில் உட்காருங்கள், ஒரு தடவை ஓடியும் பாருங்கள். மெல்லிய துணி என்றால் அது ஒரு பக்கமாக இழுப்பது முதல் நாளே தெரிந்துவிடும். சட்டைப் பாக்கெட்டில் போட்டால் குனியும்போதெல்லாம் முன்னால் வந்து தொங்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தப் பையை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள் என்றால் கத்தியும் அங்கேதான் கிடக்கப் போகிறது.

பாக்கெட்டின் விளிம்பில் மாட்டும் கிளிப் இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அடியில் விழுந்து தொடையில் இடிக்காமல் பாக்கெட்டின் ஓரத் தையலை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் கனமான கத்தியைத் தாங்க வேண்டிய கிளிப் விறைப்பாக இருக்க வேண்டும், விறைப்பான கிளிப் துணியின் விளிம்பைச் சீக்கிரம் தேய்த்துவிடும். அதே பாக்கெட்டில் சாவியை எடுக்கக் கைவிடும்போது ஒவ்வொரு முறையும் கத்தியில் உரசும்.

இன்னொரு வழி இடுப்புப் பட்டையில் உறை. 200 கிராம் இடுப்பில் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. பக் 110 ஆரம்பத்திலிருந்தே தோல் உறையோடு விற்கப்பட்டது, அதில் கிளிப்பே கிடையாது, அதாவது அது இடுப்புக்காகச் செய்யப்பட்ட மடக்குக் கத்தி. பழைய பாணிக் கனமான கத்தி ஒன்றில் ஆசை என்றால் பாக்கெட்டை மறந்துவிட்டு உறையைப் பற்றி யோசியுங்கள். எல்லார் கண்ணிலும் படுமே என்பது சங்கடமாக இருந்தால் அதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

ஐந்தாவது, சட்டம்

எந்தச் சட்டமும் எடையைக் கேட்பதாக நான் பார்த்ததில்லை. அலகின் நீளம், பூட்டு இருக்கிறதா, ஒரு கையால் திறக்க முடியுமா, விசைப்பொத்தான் உண்டா, இவற்றைத்தான் கேட்கும். சிக்கல் என்னவென்றால் கனமான கத்திகளில் பொதுவாக முதல் மூன்றும் சேர்ந்தே வரும். பிரிட்டனில் பூட்டாத, வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம், பூட்டு இருந்துவிட்டாலோ எவ்வளவு சிறியதானாலும் தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றி வெளியே எடுத்துச் செல்ல முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதி என்ன என்பதை அரசு அல்லது காவல்துறையின் சொந்தப் பக்கத்தில் படியுங்கள், விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வாங்குவதற்கு அனுமதி இருப்பதும் எடுத்துச் செல்ல அனுமதி இருப்பதும் வேறு வேறு. அலுவலகம், பள்ளி, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு. விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்காமல் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

தற்காப்புக்காகத்தான் கனமானதாகப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பல நாடுகளில் அந்த ஒரு வார்த்தையே கருவியை ஆயுதமாக்கிவிடும். அப்புறம், பதற்றத்தில் மடக்குக் கத்தியை எடுத்துத் திறப்பவருக்கு முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் தன் கைதான்.

ஆறாவது, கையில் வாங்கிச் சோதிக்கும்போது

இவ்வளவு தாண்டியும் ஆசை இருக்கிறதா, நல்லது, இனிக் கத்தியைக் கையில் எடுக்கலாம். கடையில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திறந்து, அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால் அச்சாணித் திருகை முடுக்கிச் சரிசெய்யலாம், மேலும் கீழும் ஆடினால் பூட்டில் குறை, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பூட்டைச் சோதிக்க முதுகை மேசையில் ஓங்கித் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லாத வேலை. அலகு மடங்கினால் விரலில் படாதபடி பிடியைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் முதுகை மெதுவாக அழுத்தினாலே போதும்.

மூடிய கத்தியை முனை வெளியே வரும் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து லேசாகக் குலுக்குங்கள். அலகு எட்டிப் பார்க்கக் கூடாது. அலகு கனமாக இருந்தால் அதை உள்ளே பிடித்து வைக்கும் விசையும் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுக்குள் தானாகத் திறந்துகொள்ளும்.

மூடுவதில் புதியவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பிடிக்குள் இருக்கும் தகடு அலகின் அடியில் வந்து நின்று பூட்டும் லைனர் லாக், பிடியின் ஒரு பகுதியே அப்படிப் பூட்டும் பிரேம் லாக், இரண்டிலும் பூட்டை விடுவிக்கும் கட்டைவிரல் அலகு வந்து விழும் பாதையிலேயே இருக்கும். லேசான அலகு பாதியில் நின்றுவிடும், ஆனால் பேரிங் போட்ட அச்சாணியில் கனமான அலகு தன் எடையாலேயே சட்டென்று இறங்கும். கனமானதுதான் வேண்டும் என்றால் விரல் பாதையில் குறுக்கிடாத பூட்டாகப் பாருங்கள். பிடியின் இருபுறமும் பொத்தானைப் பின்னிழுக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டு உண்டு. முதுகில் அழுத்தி விடுவிக்கும் பேக் லாக்கும் உண்டு, அதை இரண்டு கையாலும் மூடப் பழகினால் விரல் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் சில கனமான பேக் லாக்குகளின் வில் மிக விறைப்பு, கட்டைவிரலில் வலு குறைந்தவர்கள் வாங்குமுன் பத்துத் தடவையாவது மூடிப் பாருங்கள்.

கடைசியாக, அட்டை அறுப்பதுபோல் இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். கிளிப்பின் நுனியோ பிடியின் ஓரமோ உள்ளங்கையில் குத்தினால் ஒரு மணி நேர வேலையில் அங்கே கொப்புளம் வரும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் அலகு நீளம், மூடிய நீளம், பிடியின் பருமன், எடை நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு, அதே அளவில் அட்டைகளை வெட்டி ஒட்டி ஒரு மாதிரி செய்து கையில் பிடித்துப் பாருங்கள். படத்தில் எல்லாக் கத்தியும் ஒரே அளவாகத்தான் தெரியும். பெயர்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் நிறைய, ஆகவே நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம், திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

எஃகும் பராமரிப்பும்

இதில் முதல் கத்திக்கு ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 420எச்சி, 14சி28என் போன்றவை சாதாரணக் கல்லிலேயே எளிதாகக் கூர் ஏறும், துருவும் அவ்வளவாகப் பிடிக்காது. எஸ்30வி மாதிரியானவற்றில் கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கினால் தீட்ட வைரத்துகள் பதித்த கல் இருந்தால்தான் சுலபம். டி2 கூர் தாங்கும், ஈரத்தில் விட்டால் கறை பிடிக்கும். 2021இல் வந்த மேக்னாகட் துருவுக்கும் ஈடுகொடுத்து வலுவாகவும் இருக்கிறது, ஆனால் தீட்டவே தெரியாதவர் அதற்கு அதிகம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

தீட்டுக்கல், ஒரு சொட்டு எண்ணெய், அச்சாணிக்குச் சரியான டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளி, இவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பித்தளையும் தோல் உறையும் உள்ள கத்தி என்றால் நாள்கணக்கில் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோலில் ஈரம் தங்கிப் பித்தளை பச்சையாகப் பூத்துவிடும், எஃகிலும் புள்ளி விழும்.

இனி முடிவெடுங்கள்

ஒரு வாரக் குறிப்பையும் துணிப்பை சோதனையையும் பக்கத்தில் வையுங்கள். பட்டியலில் டேப்பும் அட்டையும்தான் இருக்கின்றன, பையும் தொந்தரவாக இருந்தது என்றால் 60 முதல் 100 கிராமுக்குள் மெல்லிய அலகுள்ள ஒன்றை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல தீட்டுக்கல். பட்டியலில் கடின வேலை இருக்கிறது, எடையும் உறுத்தவில்லை, சட்டமும் இடம் கொடுக்கிறது என்றால் தயங்காமல் கனமானதை வாங்குங்கள், பிடியின் பருமனுக்கு முதலிடம் கொடுங்கள். வேலை கடினம்தான் ஆனால் சுமக்க முடியவில்லை என்றால் அதே அலகு நீளத்தில் நைலான் அல்லது ஜி-10 பிடியுள்ள மாதிரி இருக்கிறதா என்று தேடுங்கள், அனேகமாக இருக்கும். வேலையே இல்லை, ஆனால் அதன் அழகு மனதை விட்டுப் போகவில்லை என்றால் அதற்காகவே வாங்குவதிலும் தவறில்லை, மேசையில் வைத்துக் கடிதம் பிரிக்கப் பயன்படுத்துங்கள், பாக்கெட்டில் லேசான ஒன்று இருக்கட்டும்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று நாள் வெளியே எடுத்துப் போகாதீர்கள். உட்கார்ந்து, அலகின் வாயில் டேப் சுற்றிவிட்டு, திறக்கவும் மூடவும் மட்டும் பழகுங்கள், வலக்கையிலும் இடக்கையிலும். கட்டைவிரல் யோசிக்காமலேயே பாதையிலிருந்து விலகத் தொடங்கியதும் டேப்பைக் கழற்றிவிடலாம்.